பழைய மோட்டார் இருக்கையும் நம் பால்மரமும்



ஈப்போவிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும், புந்தோங், செம்மோர், சுங்கை சிப்புட், பத்து காஜா போன்ற இடங்களில், தகரக் கொட்டகையின் கீழே ஒரு பழைய மோரிஸ் மைனரோ ஆஸ்டினோ நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நம் பிள்ளைகளுக்கு இப்போது பழைய கார்கள் மீது ஓர் ஆசை பிறந்திருக்கிறது. தோட்டத்தில் பிறந்து, தோட்டம் விற்கப்பட்ட பிறகு தாமானுக்குக் குடிவந்த குடும்பங்களின் பிள்ளைகள் இவர்கள். கையில் பணம் குறைவு, ஆசை பெரிது. எஞ்சினை எப்படியோ ஓடவைத்துவிடுகிறார்கள். ஆனால் கதவைத் திறந்து உட்காரப் போனால், உறை கிழிந்து கிடக்கிறது. கிழிசலில் விரலை விட்டால் மஞ்சளாக ஏதோ மாவு போல உதிர்கிறது.

அந்த மஞ்சள் மாவு எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இன்று நாம் பேசப்போகிறோம். பல வண்டிகளில் அது பால்மரத்தின் பால். நம் பாட்டனும் பாட்டியும் விடியுமுன் எழுந்து, பெரட்டுக்குப் போய், நிரை பிடித்து, மங்கில் இறக்கிய பால்.

மோட்டார் வண்டி உலகத்துக்கு வந்த நாளில் அதன் இருக்கையில் ரப்பர் கிடையாது. குதிரை வண்டி செய்தவர்கள்தாம் முதலில் காருக்கும் உடல் செய்தார்கள். எனவே குதிரை வண்டியின் இருக்கையே காருக்குள்ளும் ஏறிக்கொண்டது. கீழே மரச்சட்டம். அதன்மேல் சுருள் கம்பி. கம்பி உறுத்தாமலிருக்கச் சணல் துணி. அந்தச் சணல் வங்காளத்தில் விளைந்தது. சணலுக்கு மேலே சுருட்டிய குதிரை மயிர், அதன்மேல் ஒரு பஞ்சுப் படுகை, எல்லாவற்றுக்கும் மேலே தோல். தோல் விலை கட்டாதவர்களுக்குப் பருத்தித் துணியில் பூச்சு பூசிய ரெக்சின் வந்தது. ரெக்சின் என்பது இங்கிலாந்தில் ஒரு வணிகப் பெயர்; நம் மக்கள் வாயில் அது பொதுப்பெயராகவே நிலைத்துவிட்டது.

அக்காலத்தில் கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் பணமாகக் கொட்டியது. ஈப்போவில் கார் வைத்திருந்தவர்கள் ஈயச் சுரங்க முதலாளிகளும் தோட்டத் துரைமார்களும்தாம். நம்மவர்களுக்கு வாகனம் என்றால் தோட்டத்து லாரி. அதன் பின்தட்டில் இருக்கை ஏது? நின்றுகொண்டோ, பலகையில் ஒண்டிக்கொண்டோ போவதுதான் வழக்கம். துரையின் கார் ஸ்டோர் முன்னால் வந்து நிற்கும்போது உள்ளே எட்டிப் பார்த்த சிறுவர்கள்தாம் அந்த இருக்கையை அறிந்திருந்தார்கள்.

இங்கே சற்றுப் பின்னோக்கிப் போகவேண்டும். 1876-ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளை லண்டனை அடுத்த கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை மிகச் சில. அவற்றில் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் சிலவற்றை அப்போது பேராக்கின் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ கோலக்கங்சாரில் நட்டுவைத்தார். அந்தக் காலத்து மரம் ஒன்று இன்றும் கோலக்கங்சாரில் வேலி கட்டிப் பாதுகாக்கப்பட்டு நிற்கிறது. பார்க்காதவர்கள் ஒருமுறை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். ஈப்போவிலிருந்து அதிகத் தொலைவில்லை.

ஆனால் மரம் வந்ததும் யாரும் ஓடிப்போய் நடவில்லை. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் இயக்குநர் ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மட்டும் மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்து, விதையைப் பையில் போட்டுக்கொண்டு தோட்டக்காரர்களிடம் கெஞ்சாத குறையாகப் பேசிப்பார்த்தார். அவரைப் பைத்தியக்காரர் என்று கேலி செய்தவர்களும் உண்டு. 1888-இல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தார். 1908-இல் ஃபோர்டு நிறுவனம் மாடல் டி என்னும் மலிவான காரை வெளியிட்டது. காருக்கு டயர் வேண்டும். டயருக்கு ரப்பர் வேண்டும். அதன் பிறகுதான் காடு அழிந்து தோட்டம் எழுந்தது. கப்பலேறிய நம் முன்னோர் கதை உங்களுக்குத் தெரியும். அதை இங்கே விரிக்கவில்லை.

டயராகவும் குழாயாகவும் காலணி அடியாகவும் போய்க்கொண்டிருந்த ரப்பர், இருக்கைக்குள் நுழைந்தது 1929-இல். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் டன்லப் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருந்தது. அங்கே மர்ஃபி என்னும் வேதியியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் ரப்பர் பாலை நுரையாக்கிக் கெட்டிப்படுத்த முயன்றார்கள். வீட்டில் மாவு கலக்கும் இயந்திரத்தை வைத்து மர்ஃபி பாலை அடித்துப்பார்த்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, முறை அதுதான். பண்டிகைக்குக் கேக் செய்யும்போது முட்டையை அடிக்கிறோமே, வெள்ளை நுரை பொங்கி வருகிறதல்லவா? அதுபோலப் பாலில் சோப்பும் கந்தகமும் துத்தநாக ஆக்சைடும் சேர்த்து, காற்று உள்ளே புகுமாறு அடிப்பார்கள். நுரை வற்றிப்போவதற்குள் அதைக் கெட்டியாக்கும் ஒரு மருந்தைக் கலந்து அச்சில் ஊற்றுவார்கள். பிறகு நீராவியில் வேகவைப்பார்கள். இட்லித் தட்டில் மாவு ஊற்றி வேகவைப்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. அச்சைத் திறந்தால் ஆயிரமாயிரம் கண்ணறைகளோடு மெத்தென்ற திண்டு. அழுத்தினால் அமுங்கும், கையை எடுத்தால் எழும். டன்லப்பில்லோ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

ஒன்றைக் கவனிக்கவேண்டும். புகையிட்ட ரப்பர் சீட்டை வைத்து நுரை செய்ய முடியாது. பால், பாலாகவே கடல் கடந்து போகவேண்டும். மங்கில் இறக்கிய பால் சில மணி நேரத்தில் உறைந்துவிடும் என்பது நமக்குத் தெரியாததா? அதனால் அதில் அம்மோனியா கலந்தார்கள். ஸ்டோர்ப் பக்கம் மூக்கைத் துளைத்துக் கண்ணில் நீர் வரவழைத்த அந்த நெடியைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அடுத்து, பாலைச் சுழல் இயந்திரத்தில் விட்டுத் தண்ணீரைப் பிரிப்பார்கள். மரத்திலிருந்து இறங்கும்போது பாலில் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். சுழற்றி எடுத்தபின் நூற்றுக்கு 60 பங்கு ரப்பர். இந்தக் கெட்டிப் பாலைத்தான் பீப்பாயிலும், பிறகு கப்பலின் பெருந்தொட்டிகளிலும் ஏற்றி அனுப்பினார்கள். டன்லப் நிறுவனத்துக்கு மலாயாவிலேயே சொந்தத் தோட்டங்களும் இருந்தன.

பள்ளிக்கூட வாத்தியார் என்றால் கணக்குப் போடாமல் விடமாட்டோம். ஒரு பழைய காரின் முன், பின் இருக்கைகள் எல்லாம் சேர்த்து 12 கிலோ ரப்பர் நுரை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு மரம் ஒரு வெட்டில் 30 கிராம் உலர்ந்த ரப்பர் தருவதாகவும் வைத்துக்கொள்வோம். 12,000 கிராமை 30-ஆல் வகுத்தால் 400. நானூறு மரம் என்பது என்ன? ஏறக்குறைய ஒருவருடைய ஒரு நாள் நிரை. அதாவது, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுக்கடியில், அட்டைக்கடியில், ஒரு தாய் ஒரு காலைப்பொழுது முழுதும் ஓடி வெட்டிய பால், ஒரு காரின் இருக்கைகளுக்குச் சரியாக இருந்தது. அவள் அந்தக் காரில் ஏறியிருப்பாளா என்பதைக் கணக்குப் புத்தகம் சொல்லாது.

1948-ஆம் ஆண்டு பேராக் மக்களால் மறக்க முடியாத ஆண்டு. அவ்வாண்டு ஜூன் 16-ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது; 1960 வரை அது நீடித்தது. லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. அரிசிக்கு அளவு வந்தது. ஊரடங்கு வந்தது. பால்வெட்டு மட்டும் நிற்கவில்லை. அதே 1948 அக்டோபரில் லண்டன் மோட்டார் கண்காட்சியில் மோரிஸ் மைனர் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்தது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த அந்தச் சிறிய வண்டி 1971 வரை தயாராகி, 16 இலட்சத்துக்கும் மேல் விற்பனையானது. பத்து இலட்சத்தைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் கார் அதுவே. மலாயாவில் கிராணிமார், மருத்துவமனை டிரெசர்கள், ஆசிரியர்கள் ஆகியோரின் கைக்கு எட்டிய கார்களில் அதுவும் ஒன்று. கார் என்பது துரைமார் சொத்து என்ற நிலை தளர்ந்தது இப்படித்தான்.

அந்த நாளில் மற்றொரு புதுமையும் வந்தது. இத்தாலியில் பிரெல்லி நிறுவனம், துணி இழை கலந்த ரப்பர் வார் ஒன்றைச் செய்து, சுருள் கம்பிக்குப் பதிலாக இருக்கையின் அடியில் இழுத்துக் கட்டலாம் என்று காட்டியது. பல பிரிட்டிஷ் கார்களும் அதை ஏற்றுக்கொண்டன. ஆகவே மேலே ரப்பர் நுரை, கீழே ரப்பர் வார் என்று இரண்டு வகையிலும் பால்மரமே தாங்கியது.

ஆனால் இந்தக் காலம் நீளவில்லை. ஜெர்மனியில் ஓட்டோ பாயர் என்பவர் 1937-இலேயே பாலியூரித்தேன் என்னும் செயற்கைப் பொருளின் வேதியியலைக் கண்டறிந்திருந்தார். 1950-களில் அதை மென்மையான நுரையாக்கி விற்கத் தொடங்கினார்கள். பெட்ரோலியத்திலிருந்து வருவது, எடை குறைவு, விலை குறைவு, தொழிற்சாலையில் வேண்டிய அளவு ஊற்றிக்கொள்ளலாம். சில ஆண்டுகளில் கார் இருக்கையிலிருந்து ரப்பர் பால் வெளியேறிவிட்டது. 1985-இல் நம் நாட்டின் புரோட்டோன் சாகா வந்தபோது, ரப்பர் நுரை பழங்கதையாகியிருந்தது.

இருக்கையிலிருந்து ரப்பர் போனதால்தான் தோட்டம் போயிற்று என்று நாம் சொல்ல வரவில்லை. ரப்பரின் பெரும்பகுதியைத் தின்பது டயர்தான். தோட்டங்களைத் துண்டாடி விற்றது, செயற்கை ரப்பர், செம்பனையின் விலை, நகரம் பெருத்தது எனக் காரணங்கள் பல. துண்டாடலை எதிர்க்கத்தான் 1960-இல் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் சம்பந்தன் தலைமையில், தொழிலாளர்களின் சிறுசேமிப்பைக் கொண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. ஆனாலும் மற்ற இடங்களில் மரம் சாய்ந்தது சாய்ந்ததுதான். உலகத்தில் அதிகமாக இயற்கை ரப்பர் உண்டாக்கிய நாடு என்ற பெயரை 1990-களின் தொடக்கத்தில் தாய்லாந்திடம் விட்டுக்கொடுத்தோம். இன்று கமுண்டிங்கிலும் ஈப்போவிலும் உள்ள கையுறை ஆலைகளுக்கு வேண்டிய பாலில் பெரும்பங்கு வெளிநாட்டிலிருந்து வருகிறது. பால்வெட்டுக்காரரின் பேரப்பிள்ளைகள் சிலர் அந்த ஆலைகளில் வேலை செய்கிறார்கள்.

இனி, அந்தத் தகரக் கொட்டகைக்கு வருவோம். கையில் காசு குறைவாக உள்ள இளைஞர் இருக்கையை எப்படிச் சீர் செய்வது?

யாழ்ப்பாணத்தை நினைத்துப் பார்க்கலாம். 1990-க்குப் பிறகு போர்க்காலத் தடையினால் அங்கே பெட்ரோலும் உதிரிப் பாகங்களும் போகவில்லை. புதிய வண்டிகள் முடங்க, பழைய ஆஸ்டின், மோரிஸ் கார்களே தெருவில் ஓடின. சொட்டுப் பெட்ரோலால் எஞ்சினை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். புது உறையும் புதுத் திண்டும் கப்பலில் வரும் என்று அந்த ஊரில் யாரும் காத்திருக்க முடியாது. உள்ளதைக் கொண்டு ஒப்பேற்றும் புத்திதான் பழைய வண்டிக்கு முதல் மூலதனம்.

முதலில், எதையும் பிய்த்து எறியக்கூடாது. இருக்கையைக் கழற்றி நிழலில் வைத்து, ஒவ்வொரு பக்கமும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உறையைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் சிறு கம்பி வளையங்களைக் குறட்டால் நெகிழ்த்தி எடுங்கள். உறை எவ்வளவு கிழிந்திருந்தாலும் சரி, தையலைப் பிரித்துத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொன்றிலும் எண் எழுதிவையுங்கள். புதுத் துணியை வெட்டுவதற்கு அந்தக் கந்தல்தான் அளவுச் சட்டம். அதைக் குப்பையில் போட்டவர்கள், குஷன் கடையில் அளவெடுக்கவே தனியாகக் கூலி கொடுக்க நேரும்.

அடுத்து நுரை. ரப்பர் நுரைக்குப் பகைவர் நால்வர்: காற்று, வெயில், எண்ணெய், செம்பு. காற்றிலுள்ள ஆக்சிஜன் மெல்ல மெல்ல ரப்பரின் சங்கிலியை அறுக்கிறது. நம் நாட்டு வெயில் அதை விரைவுபடுத்துகிறது. செம்புக் களிம்பு சிறிது பட்டாலும் ரப்பர் கெட்டுவிடும் என்பது ரப்பர் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது. ஆனால் திண்டு முழுதும் ஒரே மாதிரி கெடுவதில்லை. வெயில் படும் மேல்விளிம்பும் ஓட்டுநர் தேய்த்து ஏறும் வெளிப்பக்கமும்தான் முதலில் மாவாகும். உள்ளே நடுப்பகுதி நன்றாக இருக்கலாம். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். எழுந்துவந்தால் வைத்துக்கொள்ளுங்கள். உதிரும் பகுதியை மட்டும் கத்தியால் நேராக வெட்டி நீக்கி, அதே கனத்தில் புது நுரைத் துண்டை ரப்பர் பசையால் ஒட்டலாம். மூக்கில் துணி கட்டிக்கொண்டு செய்யுங்கள். அந்த மாவு மூச்சுக்கு நல்லதன்று.

புது நுரை எது? இயற்கை ரப்பர் நுரை இன்றும் மெத்தைக் கடைகளில் கிடைக்கிறது. ஆனால் விலை அதிகம். நம் தோட்டத்துப் பால், நமக்கே எட்டாத விலையில்! எங்கள் எண்ணம் இதுதான்: உட்காரும் திண்டுக்கு மட்டும் இயற்கை நுரையோ அடர்த்தி மிகுந்த பாலியூரித்தேனோ வாங்குங்கள், முதுகுப் பக்கத்துக்குச் சாதாரண நுரை போதும். அடர்த்தி குறைந்த மலிவு நுரையை உட்காரும் இடத்தில் போட்டால் ஓராண்டில் தட்டையாகிவிடும். அந்தக் காசு வீண். பளபளப்பான உறைக்குப் பணத்தைக் கொட்டி, உள்ளே மட்டமான நுரையை வைப்பவர்களே மிகுதி. இலவம் பஞ்சைத் திணிப்பாரும் உண்டு. தலையணைக்கு அது அருமை. கார் இருக்கையில் கட்டியாகிப் போகும்.

மற்றொரு வழியும் உண்டு. தென்னை நாரைச் சுருட்டி, அதன்மேல் ரப்பர் பாலைத் தெளித்து, அழுத்தி வேகவைத்த திண்டு. ஜெர்மன் நாட்டு ஃபோக்ஸ்வாகன் பீட்டிலிலும் பழைய மெர்சிடிஸ் கார்களிலும் இருப்பது இவ்வகைதான். காற்றோட்டம் உள்ளது, நம் வெக்கைக்கு ஏற்றது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இதே முறையில் மெத்தைகள் செய்கிறார்கள். வியப்பு என்னவென்றால், 1990-களில் மெர்சிடிஸ் நிறுவனத்தார் பிரேசிலின் பெலேம் வட்டாரத்தில், ரப்பர் மரம் பிறந்த அமேசான் மண்ணிலேயே, சிறு விவசாயிகளிடம் தேங்காய் நார் வாங்கி, ரப்பர் பாலோடு சேர்த்துத் தலைசாய்ப்புத் திண்டுகள் செய்யும் திட்டத்துக்கு உதவினார்கள். நார்மெத்தைக் கடையில் வெட்டியெடுத்த ஓரத்துண்டு கிடைத்தால், பின் இருக்கைக்கு அதுவே போதும்.

சட்டத்திலுள்ள துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்துத் துருத்தடுப்புச் சாயம் அடியுங்கள். சுருள் கம்பிக்கும் நுரைக்கும் நடுவில் சணல் துணி இருக்கவேண்டும். இல்லாவிட்டால் கம்பி நுரையை அறுத்துவிடும். இதற்குக் கடையில் விலைகொடுத்து வாங்கவேண்டாம். அரிசிச் சாக்கு, அதாவது நெகிழிச் சாக்கு அன்று, பழைய கோணிச்சாக்கு, துவைத்துக் காயவைத்தால் போதும். முன்பு சொன்ன வங்காளத்துச் சணல்தான் அது. ரப்பர் வார் தொய்ந்திருந்தால் எல்லா வாரையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றிரண்டை மட்டும் மாற்றினால் இருக்கை கோணலாகும்.

உறைத் துணியைப் பூட்டுமுன் அரைமணி நேரம் வெயிலில் காயவைத்தால் இளகி, சுருக்கமில்லாமல் இழுபடும். தையலுக்குப் பருத்தி நூல் வேண்டாம். நம் ஈரக் காற்றில் இற்றுவிடும். நைலான் நூலே நன்று. வீட்டில் தையல் இயந்திரம் இருந்தாலும் கனத்த ரெக்சினை அதில் ஓட்டி ஊசியை முறிக்காதீர்கள். வெட்டி, எண்ணிட்டு, ஊசி குத்திச் சேர்த்து வைத்துவிட்டு, தையலை மட்டும் குஷன் கடையில் கொடுத்தால் கூலி பாதியாகும். இருக்கையைத் தரையோடு பிணைக்கும் மரையாணிகளில் மட்டும் சிக்கனம் பார்க்கவேண்டாம். துருப்பிடித்திருந்தால் அதே அளவில் உறுதியான புதியதைப் போடுங்கள்.

பழைய உறையின் உட்புறத்தைப் பிரித்துப் பார்க்கும்போது சுண்ணாம்புக் கட்டியால் போட்ட கோடுகளும், பென்சிலால் எழுதிய எண்களும் தென்படலாம். முன்னே தைத்தவர் கைக்குறி அது. அதை அழிக்காமல், நீங்களும் சாக்குத் துணியின் அடிப்பக்கத்தில் எந்த ஆண்டு, என்ன நுரை, எந்தப் பகுதி பழையது, எந்தப் பகுதி புதியது என்று எழுதிவையுங்கள். இன்னும் முப்பது நாற்பது ஆண்டுகள் கழித்து அந்த இருக்கையை வேறொருவர் பிரிப்பார். அவருக்கு அந்த எழுத்து தேவைப்படும்.